சுவரில் நின்ற டைனோசர்

1994 ஆம் ஆண்டு நான் சித்திரம் படிப்பித்த பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்கு முந்திய வருடம்தான் 'ஜுராசிக் பார்க்' படம் வெளியாகியிருந்தது. வீடியோக் கடைகளில் கசெட்டுக்கு அடிபிடி. "சேர், ஆய்வுகூடச் சுவரில டைனோசர் ஒண்டு கீறித் தாங்களேன்" என்று பிள்ளைகள் பிடித்த பிடியில் நானும் தூரிகையைத் தூக்கினேன். பன்னிரண்டடி நீளச் சுவர். மனுசனைப் போல நிமிர்ந்து நிற்கும் பச்சை நிற டிரெக்ஸ், அதன் பின்னால் நிலத்தில் இழுபடும் வால், பக்கத்தில் முதுகுத் தகடுகளோடு ஒரு ஸ்டெகோசோரஸ், காலடியில் செழிப்பான புல், தூரத்தில் ஓர் எரிமலை. எரிமலை இல்லாத டைனோசர் படத்தை எவரும் நம்பமாட்டார் என்பது அந்தக் காலத்து எண்ணம்.

சென்ற வருடம் அந்தச் சுவரில் ஈரம் ஏறி வர்ணம் உரியத் தொடங்கியதால், ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி அழைத்தார்கள். சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சேர், இது மெய்யாவே இப்படித்தான் ஈந்திச்சா? யாரு பார்த்த?"

"புத்தகத்தில இருந்திச்சி மகள்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பதில் எனக்கே உதைத்தது. அந்தப் புத்தகத்துக்கு அது எங்கிருந்து வந்தது? இன்னொரு புத்தகத்திலிருந்து. சுமார் முப்பது வருடமாக அந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு டைனோசர் என்றால் என் சுவர்தான். அதில் பிழையில்லாத ஓர் அங்குலமும் இல்லை என்பதை அதன்பின் வாசிக்க வாசிக்கத்தான் விளங்கிக்கொண்டேன். ஸ்டெகோசோரஸ் அழிந்து சுமார் எட்டுக் கோடி வருடம் கழித்துத்தான் டிரெக்ஸ் வருகிறது. டிரெக்ஸுக்கும் நமக்கும் இடையிலுள்ள காலம் ஆறரைக் கோடி வருடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதாவது அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதைவிட, டிரெக்ஸுக்குப் பக்கத்தில் எங்கள் அதிபரை நிறுத்தியிருந்தால் பிழை கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும்.

அழிந்த விலங்குகளை உயிரோடு இருப்பது போல வரைவது தனியான ஒரு துறை. தொல்லுயிர் ஓவியம் என்று சொல்லலாம். எலும்பு மட்டுமே கிடைத்த ஒன்றுக்குத் தசையும் தோலும் நிறமும் கொடுப்பதுதான் வேலை. இதில் பிழைவிடாதவர் கிடையாது. ஆனால் பிழைகளில் இரண்டு சாதி உண்டு. ஆதாரத்தைப் பார்த்து விடும் பிழை ஒன்று, இன்னொருவர் படத்தைப் பார்த்து விடும் பிழை மற்றது.

முதற்சாதிக்கு நல்ல உதாரணம் இகுவானோடொன். இங்கிலாந்து மருத்துவர் கிடியன் மான்டெல் சில பற்களையும் எலும்புகளையும் வைத்து 1825 இல் அதை உலகுக்கு அறிவித்தார். பற்கள் இகுவானா ஓணானின் பற்களைப் போலிருந்தன; பெயர் அப்படி வந்தது. கூடக் கிடைத்த ஒரு கூரான எலும்பை மூக்கின் மேல் கொம்பாக வைத்தார்கள். 1854 இல் லண்டன் கிறிஸ்டல் பெலஸ் பூங்காவுக்காக பெஞ்சமின் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் செய்த பிரமாண்டமான சிலைகளில், அது காண்டாமிருகம் போல நாலு காலில், மூக்கில் கொம்போடு நிற்கிறது. அந்தச் சிலையின் அச்சுக்குள் மேசை போட்டு 1853 டிசம்பர் 31 ஆம் திகதி இரவு விஞ்ஞானிகளுக்கு விருந்து வைத்தார்கள் என்பது பிரசித்தமான கதை.

1878 இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், முப்பதுக்கு மேற்பட்ட இகுவானோடொன்கள் கிடைத்தன. பல முழு எலும்புக்கூடுகள். அப்போதுதான் மூக்குக் கொம்பு உண்மையில் கைப் பெருவிரல் என்று தெரிந்தது. லூயி டொலோ அவற்றைக் கங்காரு போல நிமிர்த்தி, வாலை நிலத்தில் ஊன்றி நிறுத்தினார். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அந்த விலங்கின் முதுகிலும் வாலிலும் தசைநாண்கள் எலும்பாகவே இறுகிப்போயிருந்தன. அப்படிப்பட்ட வால் வளையாது. வளைக்க வேண்டுமென்றால் முறிக்கத்தான் வேண்டும். இதை 1980 இல் டேவிட் நோர்மன் விரிவாக எடுத்துக் காட்டினார். பிரஸல்ஸ் நூதனசாலையில் இன்றும் அந்த எலும்புக்கூடுகள் பழைய மாதிரியே நிமிர்ந்து நிற்கின்றன. கழற்றிப் பூட்டினால் உடைந்துவிடும்.

ஹோக்கின்ஸைப் பார்த்துச் சிரிப்பது இலகு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையில் இருந்த எலும்புக்கு அவர் உண்மையாக இருந்தார். அதனால்தான் புதிய எலும்பு வந்ததும் அவர் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது. நான் பார்த்து வரைந்த படத்துக்குப் பின்னால் எலும்பே இல்லை. நிமிர்ந்த டிரெக்ஸ் நியூயோர்க் நூதனசாலையில் 1915 முதல் நின்றது. அதைப் பார்த்து ஒருவர் கீற, அவரைப் பார்த்து இன்னொருவர் கீற, கடைசியில் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. நான் சுவரில் வர்ணம் பூசிய அதே வருடங்களில் நியூயோர்க்கில் அந்த எலும்புக்கூட்டைக் கழற்றி, முதுகைக் கிடையாக்கி, வாலை நிலத்திலிருந்து தூக்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு யார் சொல்ல?

சரி, ஒழுங்காகச் செய்வது எப்படி? முதலில் எலும்புக்கூட்டைப் பக்கவாட்டில், அளவுப் பிரமாணத்தோடு கீற வேண்டும். கிடைத்த எலும்பு எது, ஊகித்த எலும்பு எது என்பதை அங்கேயே பிரித்துவிட வேண்டும். பிறகு தசை. எலும்பில் தசை ஒட்டியிருந்த இடத்தில் மேடோ தழும்போ இருக்கும். அதை வாசிக்க உயிரோடிருக்கும் உறவினர் வேண்டும். டைனோசருக்கு ஒருபக்க உறவு முதலை, மறுபக்க உறவு பறவை. பறவை உறவு என்பதும் போதாது, அதன் நேரடி வாரிசே பறவைதான். இரண்டிலும் இருக்கும் ஒரு விடயம் டைனோசரிலும் இருந்திருக்கும் என்று கொள்வதற்கு நியாயம் உண்டு.

நான் கோழிக் கடைக்குப் போனேன். கடைக்கார நானாவுக்கு என் தேவையை விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "கறிக்கு வெட்டவா, படத்துக்கு வெட்டவா?" என்று கேட்டுச் சிரித்தார். தோலை உரித்த கோழிக் காலைக் கீறிப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. நாம் முழங்கால் என்று நினைக்கும் மூட்டு உண்மையில் குதிகால். முழங்கால் மேலே, உடம்போடு ஒட்டி ஒளிந்திருக்கிறது. என் பழைய டிரெக்ஸுக்கு நான் மனுசத் தொடை போட்டிருந்தேன். வாலுக்கு முதலையிடம் போக வேண்டும். வில்பத்துக் குளக்கரையில் வெயில் காயும் முதலையின் வால் அடியில் எவ்வளவு தடிப்பு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாலிலிருந்து தொடை எலும்புக்குப் போய்க் காலைப் பின்னால் இழுக்கும் பெரிய தசை அங்கேதான் இருக்கிறது. அது ஒட்டும் மேடு டிரெக்ஸின் தொடை எலும்பிலும் உண்டு. ஆகவே அதன் வால் கயிறு அல்ல, நடையின் இயந்திரம்.

இதற்கு எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. எலும்பின் மேல் தோலை நேராக இழுத்து ஒட்டிவிடுவது. மண்டையோட்டின் பள்ளமெல்லாம் முகத்தில் தெரியும், விலா எண்ணலாம், பட்டினி கிடந்த பிராணி போலிருக்கும். 2012 இல் ஜோன் கொன்வே, கோஸ்மன், டரன் நைஷ் ஆகியோர் வெளியிட்ட நூல் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய அடி. இன்றைய விலங்குகளை எலும்பை மட்டும் வைத்து வரைந்தால் எவ்வளவு கோரமாக வரும் என்று அவர்கள் வரைந்தே காட்டினார்கள். யானையை நினைத்துப் பாருங்கள். தும்பிக்கையில் எலும்பு கிடையாது, காதிலும் கிடையாது. மண்டையோட்டின் முன்னால் மூக்குத் துவாரம் மட்டும் பெரிதாகத் தெரியும்.

நிறம்தான் எட்டாத விடயம் என்று நெடுங்காலம் எல்லோரும் சொன்னார்கள். இப்போது சில விலங்குகளுக்கு அதுவும் எட்டியிருக்கிறது. 1996 இல் சீனாவில் இறகுப் போர்வையோடு அறிவிக்கப்பட்ட சைனோசோரொப்டெரிக்ஸின் உயிர்ச்சுவட்டில் நிறப்பொருளைக் கொண்டிருந்த நுண்ணிய மணிகள் எஞ்சியிருந்தன. நீண்டவை கருமைக்கும் உருண்டவை செம்மைக்கும் உரியவை. 2010 இல் வெளியான ஆய்வின்படி அதன் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். சிட்டகோசோரஸ் என்ற சிறிய தாவர உண்ணியின் தோலை ஆராய்ந்து, மேலே கருமையாகவும் வயிற்றில் வெளிறியும் இருந்தது என்று 2016 இல் கண்டார்கள். ஒளி பரவலாக விழும் காட்டில் மறைந்து வாழ அந்த நிறம் பொருந்தும். பொப் நிக்கல்ஸ் அதற்கு முழு அளவு உருவமே செய்தார். படத்தில் நம்மைப் பயமுறுத்திய வெலோசிரப்டருக்கு முன்கை எலும்பில் இறகு பொருந்திய மேடுகள் இருந்ததாக 2007 இல் அறிவித்தார்கள். அளவில் அது ஒரு வான்கோழி.

இவ்வளவையும் படித்துவிட்டுச் சுவருக்குத் திரும்பினால், பின்புலம் வேறு காத்திருக்கிறது. ஜுராசிக் காலத்தில் புல் இல்லை. பின்னர் கிரேத்தேசியக் கடைசியில் இந்தியாவில் டைனோசர் சாணச் சுவடுகளில் புல்லின் தடயம் கிடைத்திருக்கிறது; ஆனாலும் நான் கீறிய மாதிரி விளையாட்டு மைதானம் அப்போது எங்கும் இருக்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சந்தோசம். ஜுராசிக் காலத்துத் தாவரச் சுவடுகள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, தப்போவைப் படிவுகளில் இருக்கின்றன. பன்னங்கள், சைக்கசு போன்றவை, ஊசியிலை மரங்கள். டைனோசர் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. மேடை இருக்கிறது, நடிகர் வரவில்லை.

ஆகவே சுவரை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் தப்போவைத் தாவரங்கள் மட்டும், விலங்கில்லாமல். அதிபருக்கு அது பிடிக்கவில்லை. "காடு மட்டும் கீறி என்னத்துக்கு?" என்றார். வலப்பக்கத்துக்கு நம் நாட்டில் மெய்யாகவே கிடைத்தவற்றை எடுத்தேன். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளின் சரளைப் படையில் நீர்யானை, காண்டாமிருகம், பழைய யானை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. கல் வியாபாரத்துக்காக அந்தப் பக்கம் போய்வந்த நம்மவர் எத்தனை பேர் அவற்றைக் கண்டும் காணாமல் போனார்களோ! அவற்றைச் சேர்த்து ஆராய்ந்து பெயரிட்டவர், நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. 1939 இல் அவர் இலங்கைச் சிங்கம் ஒன்றையும் விபரித்தார். குருவிட்டைப் பக்கம் கிடைத்த இரண்டு பற்கள்தான் ஆதாரம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இரண்டு பற்கள் பெரிய பூனையினம் என்று சொல்லும், பருமனை ஓரளவு சொல்லும். பிடரி மயிர் இருந்ததா என்று சொல்லாது. பிரான்சின் சோவே குகையில் முப்பதாயிரம் வருடங்களுக்கு முன்பே மனிதர் கீறிய சிங்கங்களுக்குப் பிடரி இல்லை. அவர்கள் கண்ணால் கண்டவர்கள். நம் சிங்கத்தைக் கண்டு கீறியவர் எவரும் இல்லை. கொடியில் இருக்கும் சிங்கத்தைப் பார்த்துக் கீறினால் அது திரும்பவும் பழைய கதைதான்.

நீர்யானையை முன்னால் பெரிதாகக் கீறினேன். சிங்கத்தை விட்டுவிட மனம் வராமல், தூரத்தில் ஒரு மரத்தின் பின்னால் படுத்திருப்பது போல வைத்தேன். முன்பக்கம் முகம் தெரியும், பின்பக்கம் முதுகும் வாலும் தெரியும். கழுத்தை மரம் மறைத்துவிடும்.

அந்தப் பிள்ளை வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சேர், கழுத்த ஒளிச்சிட்டீங்க."

"தெரியாது மகள். அதான் ஒளிச்ச."

மரத்தடியில் "ஆதாரம்: இரண்டு பற்கள்" என்று சிறிதாக எழுதிவிட்டு, சிங்கத்தைச் சுற்றிக் கொஞ்சம் புல் கீறினேன். அந்தக் காலத்தில் புல் இருந்தது.