தெருவுக்குத் தெரு மாறும் விலை: சதுர மீட்டர் கணக்கு நமக்கு ஏன் வேண்டும்?

"மூணு செண்டு தம்பி. ஆறு லட்சம் தர்றேன்னு சொல்றாங்க. குடுத்துடலாமா?"

நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் பெரியவர் ஒருவர் எங்களிடம் இப்படிக் கேட்டார். கையில் நத்தம் பட்டாவின் நகல் இருந்தது. அடுத்த வாரம் முன்பணத்தோடு வருவதாகத் தரகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலமெல்லாம் கூலி வேலை செய்தவருக்கு ஆறு லட்சம் சிறிய தொகை இல்லை. மகள் திருமணத்துக்கு வாங்கிய கடன் அடையும், கொஞ்சம் மிச்சமும் நிற்கும்.

"சாலைக்கு அந்தப் பக்கம் என்ன விலை போகுது பெரியப்பா?" என்று கேட்டோம்.

"அது பிளாட்டு. சதுர அடி 900-ன்னு போர்டு வச்சிருக்கான். நம்மளுது செண்டே ரெண்டு லட்சம் போவுதே!"

அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டு லட்சம் என்பது காதில் பெரிதாகவும், 900 என்பது சிறிதாகவும் விழுந்திருக்கிறது. தரகருக்கு வேண்டியதும் அதுதான். சாலைக்கு இந்தப் பக்கம் செண்டில் பேசுகிறார்கள், அந்தப் பக்கம் சதுர அடியில் பேசுகிறார்கள். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராத வரை யாருக்கும் உண்மை தெரியாது.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு செண்ட் 435.6 சதுர அடி; மீட்டர் கணக்கில் 40.47 சதுர மீட்டர். மூன்று செண்ட் ஏறக்குறைய 121.4 சதுர மீட்டர். ஆறு லட்சத்தை அதால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 4,940 ரூபாய். எதிர்ப்பக்கம் சதுர அடி 900. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. எனவே அங்கே ஒரு சதுர மீட்டர் சுமார் 9,690 ரூபாய். சாலையைத் தாண்டினால் அதே மண்ணின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரோடு ஒண்ணுதானே தம்பி?" என்றார்.

பட்டாவைப் படிக்கும் முறை

செண்ட், குழி, கிரவுண்ட், சதுர அடி என்று நம் ஊர்களில் பல அளவுகள் புழங்குகின்றன. ஆனால் அரசின் நில ஆவணம் மீட்டர் கணக்கில்தான் இருக்கிறது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று எழுதப்பட்டிருக்கும். ஒரு ஹெக்டேர் 100 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 செண்ட். பட்டாவில் 0 ஹெக்டேர் 1.21 ஏர் என்று இருந்தால் அது 121 சதுர மீட்டர்.

இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியாததால் இழந்தவர்கள் நம்மில் பலர். "ஒரு ஏர்தானே, ஒரு செண்டுதான் வரும்" என்று சொல்லி ஏமாற்றுவதற்கும் இடமிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கலும் வகுத்தலும் போதும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றே பட்டாவை எடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

வீட்டோடு விலை பேசும்போது இன்னொரு எச்சரிக்கை வேண்டும். மனைக்கு ஒரு விலை, கட்டடத்துக்கு ஒரு விலை. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு 3.50 லட்சம் ரூபாய் தருகிறது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10,470 ரூபாய். கட்டடத்துக்கு அரசு தரும் உதவியே இவ்வளவு. அதற்கு மேல் கைக்காசும் கடனும் போட்டுத்தான் பலர் வீட்டை முடிக்கிறார்கள். அப்படிக் கட்டிய வீட்டையும் மனையையும் சேர்த்து ஒருவர் ஒற்றைத் தொகை சொன்னால், முதலில் கட்டடத்தின் மதிப்பைக் கழித்துப் பாருங்கள். மண்ணுக்கு அவர் தரும் விலை அப்போதுதான் வெளியே வரும்.

அரசுப் பட்டியலில் நம் தெரு

தரகரின் வாயை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் பார்க்கலாம். வீட்டுமனைகளுக்குச் சதுர அடி விலையும் சதுர மீட்டர் விலையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். 2017-இல் இந்த மதிப்புகள் 33 சதவீதம் குறைக்கப்பட்டன. பின்னர் திருத்தப்பட்ட மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

கைப்பேசியில் உங்கள் கிராமத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, தெருக்களின் வரிசையை மெதுவாகப் படித்துப் பாருங்கள். கோயில் தெரு, பஜார் தெரு, மேலத் தெரு என்று வரும். ஆதிதிராவிடர் தெருவும் காலனியும் வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். ஊரின் சாதி வரைபடத்தை ரூபாயில் எழுதிவைத்தது போன்ற பட்டியல்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். உங்கள் ஊர்ப் பட்டியல் எப்படி இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பெயரை மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. அந்தப் பெயருக்கு எதிரே நிற்கும் எண்ணையும் கேள்வி கேட்க வேண்டும்.

குறைவுக்குக் காரணம் என்ன?

எல்லா வேறுபாட்டையும் சாதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் கூடாது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் அகலமான சாலை இருக்கும், வடிகால் இருக்கும், வங்கிக்கடன் எளிதில் கிடைக்கும். அதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. நம் தெருவில் ஆட்டோ திரும்ப இடமில்லை, மழை பெய்தால் தண்ணீர் வடிய வழியில்லை என்றால் விலை குறையத்தான் செய்யும்.

அடுத்த கேள்விதான் முக்கியம். அந்தச் சாலையும் வடிகாலும் நமக்கு ஏன் வரவில்லை? பள்ளத்திலும் ஏரி வாய்க்கால் ஓரத்திலும் சுடுகாட்டுப் பாதையிலும் நம் முன்னோர் ஆசைப்பட்டா குடியேறினார்கள்? சேரியை அங்கே தள்ளிவிட்டு, பிறகு இடம் சரியில்லை என்று விலையைக் குறைப்பது இரண்டு முறை தண்டிப்பது ஆகும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது வாங்குபவர் யார் என்பது. ஊர்த்தெருவில் மனை விலைக்கு வந்தாலும் நம்மவர் போய்க் கேட்டால், "அட்வான்ஸ் வாங்கிட்டேனே" என்ற பதில்தான் வரும். நம் தெருவில் மனை வந்தால் ஊரார் குடியிருக்க வாங்கமாட்டார்கள். வாங்கும் ஆள் குறைந்தால் விலை இறங்கும் என்பது சந்தைக் கணக்கு. ஆளைக் குறைத்து வைத்திருப்பது சாதிக் கணக்கு. புறவழிச்சாலை வரப்போகிறது என்ற செய்தி கசிந்தவுடன் அதே சேரிக்குள் காரில் வந்து இறங்குகிறார்கள். அதுவரை ஒட்டியிருந்த தீட்டு அன்றைக்கு எங்கே போகிறதோ தெரியவில்லை.

நிலம் எடுக்கும்போது நேரும் இழப்பு

"நான் விற்கவே போவதில்லை, எனக்கு எதற்கு இந்தக் கணக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கும்போது நம் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு இந்த எண்தான் பேசும்.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், பிரிவு 26, சந்தை மதிப்பை எப்படி முடிவு செய்வது என்று சொல்கிறது. முத்திரைத்தாள் சட்டப்படி பதிவுக்கு வைத்திருக்கும் மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் அதே வகை நிலத்துக்கான சராசரி விற்பனை விலை இன்னொன்று. இவற்றில் எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். சராசரி காண முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களைப் பார்த்து, அவற்றில் அதிக விலை காட்டிய பாதிப் பத்திரங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஊரகப் பகுதியில் அந்த மதிப்பை 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்குவார்கள். அதன்மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை உண்டு. தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தாலும் இழப்பீட்டுக் கணக்கு இதுதான்.

புரிந்துகொள்வதற்காக ஓர் எடுத்துக்காட்டு. நம் தெருவில் சதுர மீட்டர் 2,000 ரூபாய், பக்கத்துத் தெருவில் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 121 சதுர மீட்டருக்கு நமக்கு 2.42 லட்சம், அவர்களுக்கு 6.05 லட்சம். பெருக்கல் காரணி 1 என்றே வைத்தாலும் ஆறுதல் தொகையோடு நமக்கு 4.84 லட்சமும் அவர்களுக்கு 12.10 லட்சமும் கிடைக்கும். ஒரே சாலைக்காக, ஒரே நாளில், ஒரே அளவு மனைக்கு 7.26 லட்சம் ரூபாய் வேறுபாடு. மதிப்பில் இருந்த இடைவெளி இழப்பீட்டில் இரட்டிப்பாகிவிட்டது.

இதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றையும் அதே பிரிவு சொல்கிறது. நிலமெடுப்பு தொடங்குவதற்கு முன் அந்தப் பகுதியின் நிலமதிப்பை நடப்புச் சந்தை விலைக்கு ஏற்பத் திருத்த ஆட்சியர் நடவடிக்கை எடுக்க வேண்டும். அரசு ஒப்படை செய்த நிலத்தில் பட்டா உரிமை பெறத் தகுதியுள்ளவரையும் இந்தச் சட்டம் நில உரிமையாளராகவே கருதுகிறது. "இது கவர்ன்மென்ட் குடுத்த இடம்தானே" என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

பஞ்சமி நிலத்தை இந்தக் கணக்கோடு கலக்கக் கூடாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் வழியே 1892-இல் வந்த ஆணைப்படி ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் அவை. முதல் பத்தாண்டுகளுக்கு விற்க முடியாது. அதன் பிறகும் பட்டியல் வகுப்பினருக்குத்தான் கைமாற்ற முடியும். அந்த நிலத்துக்கு வெளியார் சொல்லும் விலை எதுவானாலும் சட்டத்தின் முன் செல்லாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பத்திரத்தில் உண்மை விலையை எழுதுவது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று சேர்ந்து 9 சதவீதம் வருவதால் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் எல்லாத் தெருக்களிலும் உண்டு. இன்றைக்குச் சில ஆயிரம் மிச்சமாகும். ஆனால் நாளை இழப்பீட்டுக்குச் சராசரி பார்க்கும்போது அந்தப் பத்திரமே தெரு முழுவதற்கும் எதிரான சாட்சியாக நிற்கும். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பது 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, மாணவர்களுக்கான வேலை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்வையிடலாம். அதில் சொத்தின் விஸ்தீர்ணம், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு மூன்றும் இருக்கும். ஊர்த்தெருவில் ஐந்து சர்வே எண்கள், நம் தெருவில் ஐந்து எண்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுப் பதிவுகளைப் பார்த்து, தொகையைச் சதுர மீட்டரால் வகுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வீடு இருக்கும் சொத்தையும் வெறும் மனையையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த நோட்டு, மனு எழுதும்போது பத்துப் பக்கப் பேச்சைவிட உறுதியாக நிற்கும்.

மூன்றாவது, வழிகாட்டி மதிப்பைத் திருத்தும்போது வாய் திறப்பது. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான துணைக்குழு வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்கும். அந்த நேரத்தில் நம் தெருக்களிலிருந்து ஒரு மனுகூடப் போவதில்லை. மதிப்பு உயர்ந்தால் நாம் வாங்கும்போது தீர்வையும் உயரும் என்பது உண்மைதான். அதனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்து என்று நாம் கேட்கவில்லை. ஒரே சாலையில், ஒரே வசதியோடு இருக்கும் இரண்டு தெருக்களுக்கு இரண்டு மதிப்பு ஏன் என்றுதான் கேட்கிறோம். வசதி இல்லை என்று பதில் வந்தால், சாலையும் வடிகாலும் எப்போது வரும் என்பது அடுத்த மனு.

நாங்கள் சந்தித்த பெரியவர் இன்னும் மனையை விற்கவில்லை. விற்பதும் வைத்திருப்பதும் அவர் விருப்பம். கடன் கழுத்தை நெரிக்கிறவரிடம் விற்காதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் தரகர் மறுபடியும் வந்தபோது திண்ணையில் உட்கார வைத்து, பேரனின் நோட்டைப் பிரித்து, "மீட்டர் என்ன விலைக்குக் கேக்குற, அதைச் சொல்லு முதல்ல" என்று கேட்டாராம்.