சின்னாறு: மழை மறைவுக் காட்டில் ஒரு பகல் நடை

நம் சங்க அன்பர்கள் மலைக்கு என்று புறப்பட்டால் மூணாறு, நெல்லியாம்பதி என்று ஈரமான பக்கமாகவே போவது வழக்கம். குடையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டால் போதும் என்ற எண்ணமும் கூடவே வரும். இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள சின்னாறு வனவிலங்கு சரணாலயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கள்ளியும் உடை மரமும் உசிலையும்தான் கண்ணுக்குத் தெரியும். கேரளத்தில் இப்படியும் ஓர் இடமா என்று கேட்காதவர் இல்லை. பாலைவனம் என்று சொல்வது மிகை. ஆனால் வெயிலில் நடந்து பார்த்தவர்கள் அந்தச் சொல்லுக்குச் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சுமார் 100 கி.மீ. கேரளத்தை விட்டு வெளியேறி, தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, மறுபடி கேரளத்துக்குள் நுழைகிறோம். 1984ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் பரப்பு 90 சதுர கி.மீ. அளவுதான்.

அது ஏன் காய்ந்து கிடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மலையின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மேகமாகி, மழையாகக் கொட்டிவிடுகிறது. மேகம் உண்டாகும்போது நீராவி தன் வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பித் தருவதால், அந்த உயரத்தில் காற்று 1000 மீட்டருக்கு 5, 6 டிகிரி அளவுக்கே குளிர்கிறது. ஈரத்தை இழந்த அதே காற்று மறுபக்கம் இறங்கும்போது 1000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. ஏறும்போது குறைந்ததைவிட இறங்கும்போது கூடியது அதிகம். ஆகவே கிழக்கே வந்து சேர்வது காய்ந்த, சூடான காற்று. 2695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் அதன் சுற்றுமலைகளும் சின்னாற்றுக்கு மேற்கே சுவர்போல் நிற்கின்றன. மூணாறு பக்கம் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை. சாலை வழியே 60 கி.மீ. தள்ளி இங்கே 500 மி.மீ. அளவுதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை.

சென்ற பிப்ரவரி முதல் வாரத்தில் நானும் ஒரு நண்பரும் அங்கே நடந்தோம். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், உடுமலைப்பேட்டைக்காரர். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. தனியாகக் காட்டுக்குள் போக அனுமதி கிடையாது. வனத்துறை ஏற்பாடு செய்யும் வழிகாட்டியுடன்தான் போகவேண்டும். இந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் உள்ளேயே குடியிருக்கும் முதுவர், மலைப்புலையர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். எங்களுடன் வந்தவர் முதுவர் இளைஞர். மதுரையிலிருந்து மீனாட்சியின் திருவுருவத்தை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்ற பெயர் வந்ததாக அவர்கள் மரபில் ஒரு கதை உண்டு. முதுகில் பை மாட்டிக்கொண்டு நடப்பதை நாம் ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பொழுதுபோக்காக நினைக்கிறோம்!

பையில் என்ன வைப்பது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. வெயிலில் மேடு ஏறுபவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஆளுக்கு 3 லிட்டர், அதாவது 3 கிலோ. அதற்கு மேல் பொதுவாக 1 லிட்டர். இந்தச் சுமையை ஏற்றிய பிறகுதான் மற்றதற்கு இடம் பார்க்கவேண்டும். நீராவி எஞ்சின் காலத்தில் நிலக்கரி இருந்தாலும் தண்ணீர் பிடிக்கும் ஸ்டேஷன் எங்கே என்பதைப் பார்த்துத்தான் வண்டி ஓடும், அதே கதைதான். ஒரே பெரிய கேனாக இல்லாமல் சிறு பாட்டில்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும், எவ்வளவு குடித்தோம் என்பதும் தெரியும். பாட்டில்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும். எலுமிச்சை சாதம், ஒரு துண்டு, தொப்பி, நான்கைந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், இவ்வளவு போதும். முறுக்கு, மிக்சர் வகையறா வேண்டாம்; தாகத்தைக் கூட்டும். ஆற்றுநீர் தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக்கூடாது.

காலை 7 மணிக்கே ஆலாம்பெட்டியிலிருந்து கிளம்பிவிட்டோம். ரயில் பாதையில் கீமேன் என்ற ஊழியர் தம் பங்குக்கு உரிய சுமார் 6 கி.மீ. பாதையைத் தினமும் நடந்து பார்ப்பார். கோடையில் அவர் விடியற்காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிடுவார். நண்பகலில் தண்டவாளத்தின் சூடு காற்றின் சூட்டைவிட 15, 20 டிகிரி அதிகமாக இருக்கும். பாறைச் சரிவும் அப்படித்தான்: தலைக்கு மேலே வெயில் ஒருபுறம், காலுக்குக் கீழே அடுப்பு ஒருபுறம். வானிலை அறிக்கையில் 33 டிகிரி என்று போட்டிருந்தால் அதை நம்பிப் பாறைமேல் உட்காரவேண்டாம்.

முனியறை என்று மக்கள் சொல்லும் கற்திட்டைகளைப் பார்த்தோம். பெருங்கற்கால மனிதர்கள் தம் இறந்தோருக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி எழுப்பியவை. கிரேன் இல்லாத காலத்தில் இந்த மூடுகல்லை எப்படி ஏற்றினார்கள் என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேலே இன்னும் ஒரு மேடு ஏறுவதாகத் திட்டம்.

பத்தரை மணி இருக்கும். வழிகாட்டி திடீரென்று நின்றார். "ஐயா, அவர் பேச்சையே காணோமே" என்றார். உண்மைதான். பொள்ளாச்சியிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த நண்பர் பத்து நிமிடமாக மௌனம். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க சார், லேசாத் தலைவலி. தாகமே இல்லீங்க" என்றார். அவருடைய பாட்டில்களில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நடை சற்றே தள்ளாடியது.

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. உடம்பில் நீர் குறைந்தாலும் நாக்கு சொல்வதில்லை. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். நண்பர் அப்படி ஒரு மாத்திரை சாப்பிடுபவர். ஆகவே தாகத்துக்காகக் காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைந்து மடக்கு குடிப்பதே சரி. ஒரேயடியாக ஒரு லிட்டரைக் கவிழ்ப்பதும் தவறு. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறி ஊற்றினால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை முதல் எச்சரிக்கை. பேச்சு குழறி, ஆள் தடுமாறி, உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் அது வெப்பத்தாக்கு. அப்போது உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வேறு வழியில்லை.

நல்ல வேளையாக அது முதல் கட்டத்திலேயே நின்றது. உசிலை நிழலில் அவரை உட்காரவைத்து, பையைக் கழற்றி, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். அரைமணி நேரத்தில் முகம் தெளிந்து, ரயில்வே பென்ஷன் பற்றிப் பேச ஆரம்பித்தார். மேட்டுக்குப் போகலாமே என்றும் சொன்னார்! வழிகாட்டி சிரித்துக்கொண்டே அவர் பையைத் தாம் மாட்டிக்கொண்டு, நிழல் உள்ள வழியாகக் கீழே இறக்கினார். மேடு அங்கேயே இருக்கிறது, எங்கும் போய்விடாது.

இறங்கும்போது கண்டது இக்காட்டின் இன்னொரு முகம். பாம்பாற்றின் கரையில் மருத மரமும் நாவலுமாகப் பசுமை ஒரு நாடாபோல் ஓடுகிறது. இந்த நாடாவில்தான் சாம்பல் நிற அணில் வாழ்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். முள்காட்டில் நட்சத்திர ஆமையும் உண்டு. வறண்ட மாதங்களில் யானைகள் ஆற்றுக்கு வரும் என்பதால் பேச்சைக் குறைத்து, வழிகாட்டி நிற்கச் சொன்ன இடத்தில் நின்றோம். கேரளத்தின் 44 நதிகளில் கிழக்கே ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றுதான். பாம்பாறு கூட்டாற்றில் சின்னாற்றுடன் கலந்து, அமராவதி அணைக்குப் போய், அங்கிருந்து கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது.

போக விரும்புவோர் உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு, மறையூர் செல்லும் பஸ்ஸில் ஏறிச் சோதனைச் சாவடியில் இறங்கலாம். மார்கழி, தை மாதங்கள் நல்லது. காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை நாட்களில் நடைபாதைகளை மூடிவிடுவதும் உண்டு. முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளவும். சிறு குழந்தைகளோடு போவோர் மலைச்சரிவை விட்டுவிட்டு ஆற்றோரப் பாதையைக் கேட்டு வாங்குங்கள், பதினொரு மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள். காலி பாட்டில்களைக் கையோடு திருப்பிக் கொண்டுவரவும்.