ஒரே ஒரு காய்... அதற்கொரு தோட்டம்!

2025 அக்டோபர் 4. இங்கிலாந்தின் வார்கிரேவ் ஊரில் உள்ள நர்சரி ஒன்றில், பரங்கிக்காய் ஒன்றைப் பளுதூக்கி இயந்திரத்தால் தூக்கி எடை மேடையில் வைத்தார்கள். காட்டிய எடை 1,278.8 கிலோ. உலக சாதனை! வளர்த்தவர்கள் லிமிங்டன் ஊரைச் சேர்ந்த இரட்டையர்களான இயான் பேட்டனும் ஸ்டூவர்ட் பேட்டனும். அதற்கு முந்தைய சாதனை, 2023-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தோட்டக்கலை ஆசிரியர் டிராவிஸ் கீங்கர் வளர்த்த 1,247 கிலோ காய்.

1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் கனடாவின் வில்லியம் வார்னாக் வைத்த காய் வெறும் 183 கிலோதான். அதை மிஞ்ச 1976 வரை யாராலும் முடியவில்லை. பிறகு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி, பெரிய காய்களின் விதைகளையே பொறுக்கிப் பொறுக்கி விதைத்து ‘அட்லாண்டிக் ஜெயன்ட்’ ரகத்தை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் அவருக்குத்தான். இன்று போட்டிக்கு வரும் காய்கள் எல்லாம் அந்த ரகத்தின் வாரிசுகளே.

அப்படியென்றால் எல்லாரிடமும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே வம்சத்து விதை. பிறகு எப்படி ஒருவருக்கு 400 கிலோவும் இன்னொருவருக்கு 1,000 கிலோவும் காய்க்கிறது? மண், வானிலை இரண்டும் காரணம்தான். அவற்றோடு சேர்ந்து நிற்பது, கொடியை மேய்க்கும் வித்தை.

இஷ்டத்துக்குப் படர விடக் கூடாது

பரங்கிக்கு இரண்டே ஆசைகள். கண்டபடி படர வேண்டும். நிறையக் காய்க்க வேண்டும். போட்டிக்கு வளர்ப்பவர் இரண்டுக்கும் தடை போடுகிறார்.

கன்றை நடும்போதே கணக்கு தொடங்கிவிடுகிறது. வித்திலைகளுக்குப் பிறகு விடும் முதல் இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கம்தான் தாய்க்கொடி ஓடும். அதைப் பார்த்தே கன்றைத் திருப்பி நடுகிறார்கள். ஒரு செடிக்கு ஏறக்குறைய 1,000 சதுர அடி நிலம். தாய்க்கொடி நடுவில் நேராக ஓட, இரு பக்கமும் பக்கக் கொடிகளைச் செங்குத்தாகப் பிரித்து விடுகிறார்கள். அடியில் உள்ளவை நீளம், நுனிப் பக்கம் போகப் போகக் குட்டை. மேலிருந்து பார்த்தால் கிறிஸ்துமஸ் மரம் படுத்திருப்பது போலிருக்கும். பக்கக் கொடி 10 முதல் 15 அடி வரை ஓடியதும் நுனியைக் கிள்ளி மண்ணில் புதைத்துவிடுவார்கள். பக்கக் கொடியில் கிளைக்கும் பேரக் கொடிகளுக்கு இடமே இல்லை. முளைத்தவுடன் கிள்ளி எறிய வேண்டும். பக்கத்துக் கொடியைச் சுற்றி வளைக்கும் பற்றுக்கம்பிகளையும் விட்டுவைப்பதில்லை.

நிலத்தில் கிடக்கும் கொடியின் மீது கணுவுக்குக் கணு மண் அணைப்பது அடுத்த வேலை. பரங்கிக் கொடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். மண் அணைத்தால் அந்த வேர்கள் ஆழமாக இறங்கி நீரையும் சத்தையும் தனியாக உறிஞ்சும். அடித்தூரின் வேரை மட்டும் நம்பாமல், தோட்டம் முழுவதும் வாய் திறந்து குடிக்கிறது செடி. காற்றடித்தாலும் கொடி புரளாது.

காம்புதான் கண்டம்

தாய்க்கொடியில் சுமார் 10 அடிக்கு மேல் வரும் பெண் பூவைத்தான் காய்க்குத் தேர்ந்தெடுப்பார்கள். வேறு மகரந்தம் கலந்துவிடாமல் முதல் நாள் மாலையே பூவை மூடிக் கட்டிவைத்து, விடிந்ததும் ஆண் பூக்களைப் பறித்து வந்து கையாலேயே மகரந்தம் தடவுவார்கள். பிஞ்சு நின்று தேறியதும் மற்றப் பிஞ்சுகளை எல்லாம் பறித்துப் போடுவார்கள். மிச்சம் ஒன்றே ஒன்று.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து. உச்ச வளர்ச்சியில் காய் ஒரே நாளில் 20 கிலோ வரை கூடும். பிஞ்சாக இருக்கும்போது காம்பு கொடியை ஒட்டிச் சாய்ந்திருக்கும். காய் பருக்கப் பருக்க அதன் தோள் உயர்ந்து கொடியில் முட்டும். கொடியோ கணுவுக்குக் கணு வேர் இறங்கி மண்ணோடு இறுகிக் கிடக்கிறது, நகர வழியில்லை. காய் தள்ளுகிறது, கொடி இழுக்கிறது. நடுவில் மாட்டிய காம்பு கிழிந்தால் அத்தனை நாள் பாடும் வீண்.

ஆகவே காய் கைக்கு அடங்கும் அளவில் இருக்கும்போதே காம்பும் கொடியும் செங்குத்தாக நிற்கும்படி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார்கள். ஒரேயடியாகத் திருப்பினால் முறிந்துவிடும். வெயிலில் கொடி துவண்டிருக்கும் பிற்பகலில்தான் இதைச் செய்வார்கள். காலையில் நீர் ஏறி விறைத்திருக்கும் கொடி வளையாமல் ஒடியும். காய்க்கு இரு பக்கமும் சில அடி தூரத்துக்குத் தாய்க்கொடியின் வேர்களை அறுத்து, கொடி மேலே எழும்பத் தோது செய்கிறார்கள். தோளில் உரசும் பக்கக் கொடியையும் வெட்டிவிடுவார்கள். வேர் விடச் சொல்லி மண் அணைத்த அதே கை, இந்த இடத்தில் மட்டும் வேரை அறுக்கிறது.

காய்க்கு அடியில் மணல் பரப்புவதும் மேலே வெயில் படாமல் துணி கட்டுவதும் தோல் வெடிக்காமல் இருக்கத்தான். உள்ளே குடைவு வரை ஓட்டை விழுந்த காய், எத்தனை கிலோ இருந்தாலும் போட்டிக்கு ஆகாது.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த காயைச் சமைத்தால் ருசியும் இருக்காது. விதைக்குத்தான் மதிப்பு. காயின் எடையையும் வளர்த்தவரின் பெயரையும் சேர்த்து விதைக்குப் பெயரிட்டு, வளர்ப்பவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கிறார்கள்; ஏலம் விடுவதும் உண்டு. பணம் இருந்தால் சாம்பியனின் விதையை யாரும் வாங்கலாம். ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் நாள் தவறாமல் குந்தி உட்கார்ந்து, எதைக் கிள்ளுவது, எதைப் புதைப்பது, எதை விடுவது என்று கொடியோடு மல்லுக்கட்டும் பொறுமை ஏலத்துக்கு வருவதில்லை.