கோழிக் கொட்டகையின் வெப்பமும் காற்றும்

சித்திரை பிறந்ததும் நமது கிராமங்களில் ஒரு முறையீடு எழும். கோழிகள் முட்டையிடுவது குறைந்துவிட்டது என்றும், இடுகிற முட்டையும் தோல் முட்டையாயிருக்கிறது என்றும் கூறுவர். உடனே தீனியின்மேல் பழி விழும். சிலர் நோயென்று கருதி மருந்து தேடுவர். கண்ணேறு என்பாரும் உண்டு. நண்பகலில் கொட்டகைக்குள் பத்து நிமிஷம் நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. பல சமயங்களில் குற்றம் அங்கேதான் இருக்கிறது. முட்டைக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரின் கைக்காசு ஆதலால், இது அற்ப விஷயமன்று.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் உஷ்ணம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அதற்குமேல் இறகுப் போர்வை வேறு. ஆகையால் வெப்பம் மிகும்போது அது இறக்கைகளை உடலினின்று அகற்றி, வாயைத் திறந்து இரைக்கிறது. மூச்சுவழியிலுள்ள ஈரம் ஆவியாவதால் உடல் ஓரளவு குளிர்கிறது. ஆனால் இவ்வாறு இரைக்குங்கால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அஃது உண்டாவதற்குச் சுண்ணாம்புச் சத்தோடு இரத்தத்திலிருந்து கிடைக்கும் கார்பனேட்டும் வேண்டும். அது குறையின் ஓடு மெலியும். போதாக்குறைக்கு, வெப்பத்தில் கோழி தீனியையும் குறைத்துக்கொள்ளுகிறது. ஆதலின் கிளிஞ்சலை மட்டும் மேன்மேலும் கொடுத்து, கொட்டகையைச் சூளைபோல் விட்டுவைத்தால் முழுப் பயன் கிட்டாது.

முட்டைக் கோழிக்கு உகந்த வெப்பம் சுமார் 18 முதல் 24 டிகிரி வரை. 30 டிகிரியைத் தாண்டினால் துன்பம் தொடங்குகிறது. 38 டிகிரிக்கு மேற்பட்டால் பறவை மாண்டுபோகவுங் கூடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் மூச்சின் ஈரம் எளிதில் ஆவியாகாது. அதனால் நாமக்கல் போன்ற வறண்ட சீமையில் பொறுக்கக்கூடிய வெப்பம், கடலோரக் கிராமத்தில் பொறுக்கவொண்ணாததாகிறது.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமைதல் வேண்டும். அப்பொழுது காலை மாலை வெயில் குறுகிய சுவர்களிலேயே படும். வடக்கு, தெற்குப் பக்கங்களை அடியில் சிறு சுவர் வைத்து, மேலே கம்பிவலையடித்துத் திறந்துவிடுக. அகலம் 30 அடிக்கு மேற்பட்டால் காற்று குறுக்கே ஓடாது. கூரை இறவாரம் மூன்றடியேனும் நீண்டிருப்பது மழைச்சாரலுக்கும் நல்லது. புதிய தகரக் கூரை மின்னுவதைச் சிலர் பெருமையாக எண்ணுகின்றனர். உள்ளேயிருக்கும் கோழிக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. அதன்மேல் வெள்ளையடிப்பதோ, ஓலை பரப்புவதோ நலம். தண்ணீர்ப் பாத்திரம் நிழலிலிருக்க வேண்டும். சுட்ட நீரைக் கோழி விரும்பாது. தீனியைக் காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னரும் இடுக. தீனி ஜீரணிக்கும்போதும் உடலில் வெப்பம் பிறக்கிறது.

ஆழ்கூளத்தில் வளர்ப்போர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். தண்ணீர் சிந்தி நனைந்த கூளத்தில் எச்சம் அழுகி அம்மோனியா வாயு எழும்புகிறது. அது கண்களையும் சுவாசப்பையையும் புண்படுத்தி நோய்க்கு வழிதிறக்கிறது. நின்றுகொண்டு மோந்து பார்த்தால் போதாது. கோழியின் உயரத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். கண் கரித்தால், நனைந்த கூளத்தை அகற்றி எஞ்சியதைக் கிளறிவிடுக.

இனிக் கம்பிக் கூண்டைப் பற்றி ஒரு சொல். எச்சம் கீழே விழுந்துவிடுவதால் முட்டை சுத்தமாயிருக்கும், குடற்புழு குறையும் என்பன மெய்யே. ஆயினும் முட்டையிடுமுன் மறைவிடம் தேடுதல், புழுதியில் குளித்தல், இரவில் உயரத்தில் அமர்தல் ஆகியவை கோழிக்குப் பிறவிக் குணங்கள். நெருங்கிய கூண்டில் இவற்றுள் ஒன்றும் கூடாது. நடமாட்டமின்றி எலும்பும் வலுவிழக்கிறது. வெப்பத்தில் இறக்கையை அகற்றவும் இடமில்லை. பிராணிகள் எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைக் கோதவும், அங்கங்களை நீட்டவும் இயலவேண்டும் என்று பிரிட்டனில் பிராம்பெல் குழு 1965-ல் கூறிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் சட்டமியற்றி, பழைய மாதிரிக் கூண்டுகளை 2012 முதல் விலக்கியது. கூண்டு வைத்திருப்போர் ஒன்றில் எத்தனை கோழி அடங்கும் என்று கேளாமல், நடுப்பகலில் எத்தனை கோழி இறக்கை விரிக்க இயலும் என்று எண்ணிப் பார்ப்பார்களாக.

நாலைந்து கோழி வளர்க்கும் குடியானவருக்கு இத்தனை செலவு வேண்டியதில்லை. பகலில் ஒரு மரநிழல், சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி, மறைவில் வைக்கோலிட்ட ஒரு பழைய கூடை, மண்சட்டியில் தண்ணீர் ஆகியவை போதும். இரவில் பஞ்சாரத்தைக் கவிழ்க்கும்போது, நரிக்கும் பூனைக்கும் அஞ்சிச் சாக்கால் முழுதும் மூடிவிடுவது வழக்கம். கோடையில் அச்சாக்கை நீக்கிவிட்டு, மேலே ஒரு கல்லை ஏற்றிவைத்தால் காவலும் இருக்கும், காற்றும் வரும்.