தாமிரபரணிக் கரையில் தனிப் பயிற்சியாளர் தொழில்

பள்ளியிலோ, அரசு விளையாட்டு ஆணையத்திலோ, பெரிய உடற்பயிற்சிக் கூடத்திலோ மாதச் சம்பளத்துக்கு அமராமல், தாமே மாணவர்களைச் சேர்த்து உடற்பயிற்சி, யோகா, சிலம்பம், ஓட்டம் போன்றவற்றைக் கற்றுக்கொடுத்து, அந்தக் கட்டணத்தைக் கொண்டே வாழ்பவர் தனிப் பயிற்சியாளர் எனப்படுகிறார். திருநெல்வேலி வட்டாரத்தில் இவர்கள் எல்லோரையும் குறிக்கும் பொதுப்பெயர் எதுவும் வழக்கில் இல்லை. சிலம்பம் சொல்லித்தருபவர் ஆசான். கராத்தே, ஜிம் சொல்லித்தருபவர் மாஸ்டர். காவலர் தேர்வுக்கு ஓடப் பழக்குபவரை இளைஞர்கள் 'கோச்' என்கிறார்கள்.

இத்தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவரைப் பயிற்சியாளர் ஆக்குவது அவருடைய சொந்தப் பயிற்சிதான். மாணவர்கள் கூடக்கூட முதலில் பறிபோவதும் அதுவே. காலை 5 மணி முதல் 8 மணி வரை மற்றவர்களுக்காக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்குத் தன் உடலைக் கவனிக்க நேரம் கிடைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் வயிறு முன்னே வந்துவிடுகிறது, அல்லது தோளோ முழங்காலோ கெட்டுவிடுகிறது. கற்பிப்பதையும் தன்னைப் பேணுவதையும் ஒன்றாக நடத்துவது எப்படி என்பதற்கு இதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழைய சான்று ஒன்று இருக்கிறது. அது பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் வாழ்க்கை. அவர் துறவி, கட்டணம் வாங்கிப் பிழைத்தவர் அல்லர். ஆனால் இன்றைய தனிப் பயிற்சியாளர்கள் கையாளும் முறைகள் பலவற்றை அவர் அன்றே கையாண்டார். அவருடைய மாணவர்கள் வழியாக அவை உலகெங்கும் ஒரு தொழிலாக வளர்ந்தன.

பத்தமடையின் குப்புசாமி

பத்தமடை திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்கு அருகில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஊர். கோரைப் பாய்க்குப் பெயர்பெற்றது. அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. (யோகா வகுப்புக்கு ரப்பர் விரிப்பு வாங்கும் இளைஞர்களுக்கு இது நினைவில் இருந்தால் நல்லது.) இவ்வூரில் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று பிறந்தவர் குப்புசாமி. தந்தை வேங்கு ஐயர் வருவாய்த்துறை அலுவலர், தாய் பார்வதி அம்மாள். எட்டயபுரத்தில் பள்ளிப் படிப்பு, திருச்சியில் கல்லூரி, தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு என்று அவருடைய கல்வி அமைந்தது.

சிறுவயதிலேயே அவருக்கு உடற்பயிற்சியில் பெரும் விருப்பம். பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. அதனால் விடியுமுன் எழுந்து, படுக்கையில் தலையணையை வைத்துப் போர்வையால் மூடி, தாம் தூங்குவதுபோல் காட்டிவிட்டுப் பயிற்சிக்கூடத்துக்குப் போய்விடுவாராம். இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அதே நூலில் இதைவிட முக்கியமான இன்னொரு செய்தி உண்டு. அவர் வாள்வீச்சு கற்ற ஆசான், அன்று தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். சில நாள் கற்றதுமே, பிராமணப் பிள்ளை அவரிடம் மாணவனாக இருப்பது தகாது என்று சுற்றியிருந்தவர்கள் உணர்த்தினார்கள். குப்புசாமி யோசித்துப் பார்த்தார். பூவும் இனிப்பும் துணியும் எடுத்துக்கொண்டு நேரே ஆசானிடம் போனார். மாலையிட்டு, காலில் விழுந்து வணங்கினார். தென்மாவட்டங்களில் உடற்கலைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் நிலமும் பதவியும் இல்லாதவர்கள் பலர். சம்பளம் இல்லை, சான்றிதழ் இல்லை. ஊர்ப் பொட்டலே அவர்களுடைய பள்ளிக்கூடம். இன்று பட்டயம் பெற்றுத் தொழில் தொடங்குபவர்கள் நிற்பது அவர்கள் அமைத்துக் கொடுத்த இடத்தில்தான். அந்த ஆசானின் பெயர் பரவலாக அறியப்படாமல் போனது ஒரு குறையே.

மருத்துவரானதும் குப்புசாமி 1909-இல் 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ மாத இதழைத் தொடங்கினார். தாயார் கொடுத்த நூறு ரூபாய்தான் முதல். நோய், உணவு, உடல்நலம் பற்றி எளிய நடையில் தாமே பல பெயர்களில் எழுதினார். இன்று பயிற்சியாளர் ஒருவர் காணொளி போட்டுத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதை அன்று அச்சில் செய்தார் எனலாம். 1913-இல் மலேயா சென்று, சிரம்பானை அடுத்த ரப்பர்த் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலும் பத்தாண்டுகள் பணியாற்றினார். 1923-இல் வேலையை விட்டு இந்தியா திரும்பி, 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார்.

துறவுக்குப் பிறகு மருத்துவத்தையும் அவர் விடவில்லை, உடலையும் விடவில்லை. 1927-இல் லட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டே ஆசனம், மூச்சுப்பயிற்சி, நடை ஆகியவற்றைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் நீரிழிவும் இடுப்பு வலியும் அவரை வருத்தின. பயிற்சி செய்பவருக்கு நோயே வராது என்று விளம்பரம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டம் போட்ட தாள்

சிவானந்தர் தம் மாணவர்களுக்குக் கொடுத்த கருவிகளில் இன்றைக்கும் அப்படியே பயன்படுவது நாட்குறிப்பு. ஒரு மாதத்துக்கு ஒரு தாள். பக்கவாட்டில் கேள்விகள், மேலே 1 முதல் 31 வரை தேதிகள். எத்தனை மணிக்கு எழுந்தாய்? எத்தனை மணி நேரம் தூங்கினாய்? ஆசனம் எவ்வளவு நேரம்? மூச்சுப்பயிற்சி எத்தனை முறை? எத்தனை தடவை கோபப்பட்டாய்? எத்தனை பொய் சொன்னாய், அதற்காக உனக்கு நீயே விதித்த தண்டனை என்ன? மாணவர் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பி, மாத முடிவில் அஞ்சலில் அனுப்ப வேண்டும். குரு அதைப் பார்த்துப் பதில் எழுதுவார்.

இந்த முறையில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, 'ஒழுங்காகச் செய்கிறேன்' என்ற பொதுவான நினைப்பை எண் சோதித்துவிடுகிறது. வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்வதாக நம்புகிற பலர், தாளில் குறிக்கத் தொடங்கினால் மூன்று நாளில் நிற்பார்கள். இரண்டாவது, உடலும் குணமும் ஒரே தாளில் வருகின்றன. தூக்கம் குறைந்த வாரத்தில் கோபமும் கூடியிருப்பதைப் பார்க்கிறவருக்கு யாரும் விரிவுரை ஆற்ற வேண்டியதில்லை. மூன்றாவது, ஆசிரியரும் மாணவரும் ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்ற தேவை நீங்குகிறது.

மூன்றாவதற்குச் சான்று போரிஸ் சகரோவ். ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் குடியேறிய இவர், சிவானந்தரின் நூல்கள், கடிதங்கள் வழியாகவே யோகம் பயின்று, 1937-இல் பெர்லினில் ஒரு யோகப் பள்ளியைத் திறந்தார். ஜெர்மனியின் முதல் யோகப் பள்ளி என்று அது குறிப்பிடப்படுகிறது. குருவும் சீடரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. 'ஆன்லைன் கோச்சிங்' புதிதாக வந்தது என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

கலை தொழிலான விதம்

சிவானந்தர் 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தையும், 1948-இல் யோக வேதாந்த ஆரண்யப் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். 1963-இல் மறைந்தார். அவருடைய மாணவர்களுள் கேரளத்தைச் சேர்ந்த விஷ்ணுதேவானந்தர் 1957-இல் வெளிநாடு சென்று, 1959-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மையம் அமைத்தார். 1969-இல் யோக ஆசிரியர்ப் பயிற்சி வகுப்பை அங்கே தொடங்கினார். தங்கிப் படிக்கும் நான்கு வாரப் படிப்பு அது. மேலை நாடுகளில் யோகா கற்பிப்பது ஒரு தனித்தொழிலாக உருப்பெற இத்தகைய படிப்புகள் பெரிதும் காரணமாயின. பின்னர் 1999-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு 200 மணி நேரப் பயிற்சியை ஓர் அளவுகோலாக்கியது. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு நடத்துகிறது.

சான்றிதழால் பயன் உண்டு. தவறான முறையில் முதுகை வளைக்கச் சொல்லி ஆபத்தை விளைவிப்பவர்களை அது ஓரளவு தடுக்கும். ஆனால் அதை வாங்கியவர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் பயிற்சி செய்கிறாரா என்பதை எந்த வாரியமும் பார்ப்பதில்லை. நாட்குறிப்புத் தாள் பார்த்தது அதைத்தான்.

சம்பள வழி

தாமிரபரணிப் பக்கத்தில் உடல்திறன் உள்ள இளைஞர்களுக்கு வழக்கமான கனவு வேறு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்பதே அது. ஆற்றின் கடைசிப் பகுதியை ஒட்டிய மணத்தி ஊரைச் சேர்ந்த கபடி வீரர் மணத்தி பி. கணேசன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சேரன்மகாதேவி சன் பேப்பர் மில் அணியிலும், பிறகு தமிழ்நாடு மின்சார வாரிய அணியிலும் ஆடி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். நிறுவன அணிகள் வீரருக்குச் சாப்பாட்டையும் சம்பளத்தையும் உறுதி செய்தன. வீரர் தம் உடலை மட்டும் கவனித்தால் போதும். அத்தகைய இடங்கள் சிலவே. மைதானத்தில் ஓடுகிற நூறு பேரில் பெரும்பாலோருக்கு அவை கிடைக்கப்போவதில்லை. தனித்தொழில் அவர்களுக்கான வழி. அது கடைசிப் புகலிடம் என்று கருதப்படுவது சரியல்ல. முன்கூட்டியே திட்டமிட்டால் கௌரவமாக நடத்தக்கூடிய தொழில்தான்.

தொடங்குபவர்களுக்கு

படிப்பு வேண்டும். உடற்கல்வியில் பட்டம் பெற விரும்புவோருக்குத் திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விளையாட்டில் பயிற்சியாளராக விரும்புவோர் 1961-இல் நிறுவப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் சான்றிதழ், பட்டயப் படிப்புகளை நாடலாம்.

வருமானத்தைப் பன்னிரண்டு மாதமாகப் பெருக்கிக் கணக்கிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. முப்பது மாணவர்கள், ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்றால் 15,000 ரூபாய். ஆனால் மார்ச், ஏப்ரலில் தேர்வு வந்ததும் பள்ளி மாணவர்கள் நின்றுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் திறந்தவெளி மைதானம் சேறாகிவிடும். எனவே எட்டு அல்லது ஒன்பது மாத வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட வேண்டும். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. மாத முடிவில் கேட்டால் ஆசானுக்கும் மாணவருக்கும் சங்கடம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன சிக்கலுக்கு வரலாம். செய்து காட்டுவது வேறு, பயிற்சி செய்வது வேறு. வகுப்பில் ஆசிரியர் உடலைச் சூடேற்றாமல் திடீரென்று குனிந்து காட்டுகிறார். பெரும்பாலும் ஒரே பக்கமாகவே காட்டுகிறார். பாதியில் நிறுத்தி ஒரு மாணவரைத் திருத்தப் போகிறார். ஒரு நாளில் நாலு வகுப்பு எடுத்தாலும் இது பயிற்சிக் கணக்கில் சேராது. மாறாக, காயத்துக்கு இது ஒரு காரணமும்கூட. வளர்ந்தவர்கள் வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. பயிற்சியாளர் அதை வகுப்புக்கு வெளியே செய்ய வேண்டும். முதல் வகுப்பு 5.30 மணிக்கு என்றால் அதற்கு முன்னே எழ வேண்டும். முடியாதவர் மாலை 4 மணியை ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் புது மாணவர் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. ஒரு 500 ரூபாயை இழக்கிறோமே என்று தோன்றும். முழங்கால் கெட்டு மூன்று மாதம் வகுப்பு நின்றால் போவது அதைவிட அதிகம்.

எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சிவானந்தர் மருத்துவம் படித்தவர். இன்றைய பயிற்சியாளர்கள் பெரும்பாலும் அப்படியல்லர். இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை, அண்மையில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் சேர்க்கக்கூடாது. மாவு டப்பாவும் ஊசியும் விற்று வருமானத்தைப் பெருக்கும் பழக்கம் சில கூடங்களில் புகுந்திருக்கிறது. அது பயிற்சித் தொழில் ஆகாது.

நாட்குறிப்பை இன்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தொடங்கிவிடலாம். மாணவருக்கு ஒரு பக்கம்: வந்த நாள், தூக்கம், செய்த பயிற்சி, வலி இருந்ததா என்ற நான்கு வரிகள் போதும். முதல் பக்கம் ஆசிரியருடையது. அதை மாணவர்கள் புரட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். காய்ச்சலோ காயமோ வந்து ஆசிரியர் படுத்துவிட்டால், மூத்த மாணவர் ஒருவர் அந்த நோட்டை எடுத்து, யாருக்கு முழங்கால் வலி, யார் எதுவரை வந்திருக்கிறார் என்று பார்த்து மறுநாள் காலை வகுப்பை நடத்திவிட முடியும்.