நடிகர் முதலாளியானால்



எங்கள் திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் உண்டு. கையில் பொருளில்லாத பூசலார், மனத்திலேயே கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார் என்பது சேக்கிழார் உரைக்கும் வரலாறு. அதே நாளில் காஞ்சியில் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்தவிருந்த பல்லவ மன்னன், கனவில் செய்தியறிந்து அவரை நாடி வந்தான்.

சென்ற மாதம் அக்கோயில் வாயிலில், முன்னர் என்னிடம் பயின்று இப்போது கல்லூரியில் படிக்கும் மாணவன் ஒருவன் என்னைக் கண்டான். "ஐயா, நானே ஒரு படம் எடுத்து அதில் நடிக்கப் போகிறேன். கதை முழுவதும் மனத்தில் இருக்கிறது. வீட்டை அடகு வைத்தால் பணம் கிடைத்துவிடும்" என்றான். அவனுக்கு நான் விடையாகக் கூறியது சித்தூர் வி. நாகையாவின் வரலாறு.

நாகையா 1904-ஆம் ஆண்டு குண்டூர் மாவட்டத்து ரேபல்லேயில் பிறந்தவர். சித்தூரில் நாடக மேடையேறிப் புகழ் பெற்றமையால் அவ்வூர் அவர் பெயரோடு சேர்ந்துகொண்டது. 1938-இல் 'கிருகலட்சுமி' என்னும் தெலுங்குப் படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார். 'பக்த போதனா' அவரைப் பெருநடிகராக்கியது. தமிழில் 1941-இல் 'அசோக்குமார்' படத்தில் அசோக மன்னராகவும், 1945-இல் 'மீரா'வில் எம். எஸ். சுப்புலட்சுமியுடன் ராணாவாகவும் தோன்றினார். பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவி 1950-இல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் கதைத்தலைவர் அவரே.

நடிகர் வேறு, பட முதலாளி வேறு. நடிகர் தம் உழைப்பைத் தந்து ஊதியம் பெறுகிறார். படம் தோற்றாலும் பெற்ற ஊதியம் அவருடையதே. முதலாளியோ படப்பிடிப்பு நிலைய வாடகை, காட்சி அமைப்பு, அனைவர் சம்பளம் ஆகியவற்றுக்கு முன்னதாகவே பணம் இறைக்க வேண்டும். அப்பணம் பெரும்பாலும் கடன். படப்பிடிப்பு ஒரு நாள் நின்றாலும் வட்டி நிற்பதில்லை. படம் வெளியான பின்னும், கொட்டகைக்காரர் பங்கும் விநியோகஸ்தர் பங்கும் போக எஞ்சுவதே முதலாளிக்கு உரியது.

இவ்விரு பொறுப்புகளையும் நாகையா ஒருங்கே ஏற்றார். 1946-இல் வெளியான 'தியாகையா'வைத் தாமே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, தியாகராச சுவாமிகளாக நடித்தார். படம் பெருவெற்றி பெற்றது. 1953-இல் தமிழில் 'என் வீடு', தெலுங்கில் 'நா இல்லு' என இருமொழிகளில் அவர் எடுத்த படம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1964-இல் 'ராமதாசு' படத்தையும் தாமே தயாரித்து இயக்கினார். மறு ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது.

ஆயினும், வந்தவர்க்கெல்லாம் உணவிட்டு, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த அவர் கையில் செல்வம் தங்கவில்லை. பிற்காலத்தில் சிறு வேடங்களில் நடித்தே வாழ்ந்தார். 1973-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வறுமையிலேயே மறைந்தார். சென்னைப் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை உண்டு.

"அவர் செய்தது தவறா, ஐயா?" என்று மாணவன் வினவினான்.

"கொடுத்தது தவறன்று, அவர் தம் பொருளைக் கொடுத்தார். நீ அடகு வைக்க நினைப்பது உன் தாயார் குடியிருக்கும் வீடு. பூசலார் மனக்கோயிலுக்கு வட்டி கேட்பார் எவருமில்லை. உன் படத்துக்குக் கேட்பார்கள். முதலில் ஒரு தயாரிப்பு நிர்வாகியிடம் ஈராண்டு உதவியாளனாய் இருந்து கணக்கைக் கற்றுக்கொள். அதுவரை படம் உன் மனத்திலேயே வளரட்டும்" என்றேன்.

அவன் மறுமொழி கூறாது சென்றான். சென்ற ஞாயிறன்று மீண்டும் வந்தான். கையில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது படத்தின் பெயரன்று, செலவுப் பட்டியல். இருவரும் திண்ணையில் அமர்ந்து அதைக் கூட்டிப் பார்த்தோம்.