இன்ஜின் நின்றால் 100 டன் டம்பர் எப்படித் திரும்பும்?

ஓடும் காரில் இன்ஜின் ஆஃப் ஆனால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். ஆனாலும் பலம் கொடுத்துத் திருப்பினால் வண்டி திரும்பிவிடும். காரணம், ஸ்டீயரிங்கில் இருந்து சக்கரம் வரை இரும்புத் தண்டும் பல்சக்கரமும் தொடர்ச்சியாக இணைந்திருக்கின்றன.

சத்தீஸ்கரின் கெவ்ரா போன்ற திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில் ஓடும் 100 டன் டம்பர்களில் இந்த இணைப்பே கிடையாது. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே வேலை செய்வது எண்ணெய்தான்.

எண்ணெய் எப்படித் திருப்புகிறது?

இன்ஜின் ஓடும்போது ஒரு பம்ப், எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வால்வு இருக்கிறது. நீங்கள் வலது பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துப் பாதை திறக்கும். எவ்வளவு திருப்புகிறீர்களோ, அதற்கேற்ற அளவு எண்ணெய் சிலிண்டருக்குப் போய் பிஸ்டனைத் தள்ளும். சக்கரம் திரும்பும். நீங்கள் நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும். சக்கரம் அதே கோணத்தில் நிற்கும்.

அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது?

சின்னக் கணக்கு போடலாம். 10 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் 200 பார் என்று வையுங்கள். (கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான்.) அப்படியென்றால் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் சுமார் 200 கிலோ. பெருக்கினால் ஏறத்தாழ 16 டன்! உங்கள் கை கொடுப்பது உத்தரவு மட்டும்தான்.

சரி, இன்ஜின் நின்றுவிட்டால்?

பம்பும் நிற்கும். டிராக்டர் போன்ற சிறிய இயந்திரங்களில் ஸ்டீயரிங்கைக் கஷ்டப்பட்டுச் சுற்றினால், வால்வுக்குள் இருக்கும் பல்சக்கரமே கைப்பம்பு போல எண்ணெயைத் தள்ளும். 100 டன் டம்பரில் அது நடக்காது. அதனால்தான் அவசர ஸ்டீயரிங் என்று தனி ஏற்பாடு. சிலவற்றில் நைட்ரஜன் வாயுவால் அழுத்தி வைத்த எண்ணெய்க் கலன் இருக்கும். சிலவற்றில் பேட்டரியில் ஓடும் பம்ப் இருக்கும். சக்கர மண்வேலை இயந்திரங்களின் ஸ்டீயரிங்குக்கென்றே ஐ.எஸ்.ஓ. 5010 என்ற சர்வதேசத் தரநிலையும் உண்டு.

ஆனால் இந்தக் கையிருப்பு கொஞ்ச நேரத்துக்குத்தான். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தலாம், ஒர்க்‌ஷாப் வரை ஓட்ட முடியாது. ஷிப்ட் தொடங்கும் முன் எண்ணெய் மட்டம், ஹோஸ் கசிவு, அவசர ஸ்டீயரிங் மூன்றையும் ஆபரேட்டர் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் ஊசி போலத் தோலைத் துளைத்துவிடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தால் போதும். தோலுக்குள் எண்ணெய் போய்விட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.